காசு கொடுத்து வாங்கிய பரட்டை

மாட்டுங்கா பூக்கடை வரிசையில் ஞாயிற்றுக்கிழமை காலை. பூக்காரர் ஒரு முழம் மல்லிகையை அளந்து நறுக்குகிறார். நீட்டப் போனவர், வாங்க வந்தவளின் தலையைப் பார்க்கிறார். பிறகு பூவைப் பார்க்கிறார். மறுபடி தலையை. இதை எங்கே வைப்பாள் என்பது அவர் கவலை. அவளுக்கும் அதே கவலைதான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இவள்தான் லேயர்காரி, முடியை அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டவள். மும்பைத் தமிழ்ப் பேட்டைகளில் மாடிக்கு ஒருத்தி தேறுவாள். வயது பத்தொன்பதும் இருக்கலாம், நாற்பத்தைந்தும் இருக்கலாம். அடையாளம் கழுத்துக்கு மேலே. முதல் கொத்து கன்னத்தோடு நின்றுவிடும், அடுத்தது தாடையில், மூன்றாவது தோளில். கடைசிக் கொத்து மட்டும் பழைய விசுவாசத்தில் முதுகுவரை போகும். நெற்றியில் ஒரு கற்றை இரண்டாகப் பிரிந்து ஜன்னல் திரை மாதிரித் தொங்கும். எந்த முடிக்கும் பக்கத்து முடியோடு பேச்சுவார்த்தை கிடையாது.

தமிழில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: பரட்டை. 1977இல் வந்த 'பதினாறு வயதினிலே'யில் ரஜினிகாந்துக்குப் பாத்திரப் பெயரே அதுதான். அந்தப் பரட்டை தலை வாராததால் வந்தது. லேயர்காரியின் பரட்டை முக்கால் மணி நேரம் மெனக்கெட்டதால் வருவது. ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து, ரசீதும் கையில் வைத்திருக்கிறாள்.

வெட்டும் வித்தை ஒன்றும் மர்மமில்லை. முடி மொத்தத்தையும் உச்சிக்கு மேலே தூக்கிப் பிடித்து நேராக ஒரு நறுக்கு. கீழே விட்டால் உச்சி முடி குட்டையாகவும் பிடரி முடி நீளமாகவும் அடுக்கடுக்காக விழும். இவ்வளவுதானே என்று 2020 ஊரடங்கில், பார்லர்கள் ஜூன் கடைசிவரை பூட்டிக் கிடந்தபோது, குளியலறைக் கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலை எடுத்தவர்கள் உண்டு. அவர்கள் அந்த வருஷப் போட்டோக்களை இன்றைக்கும் யாருக்கும் காட்டுவதில்லை.

பெயர்கள்தான் வீட்டில் கலவரம் உண்டாக்குகின்றன. ஸ்டெப் கட், ஃபெதர் கட் என்று இருந்தவரை பாட்டிகள் பொறுத்துக்கொண்டார்கள். வுல்ஃப் கட் வந்தது. பட்டர்ஃபிளை கட், ஆக்டோபஸ் கட் எல்லாம் பின்னோடு வந்தன. "ஓநாயாடி? காசு கொடுத்தா ஓநாய் ஆனே?" என்று செம்பூர்ப் பாட்டி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். பழந்தமிழ், பெண்கள் கூந்தலை ஐந்து வகையாக முடிந்ததால் அதற்கு ஐம்பால் என்று பெயர் வைத்தது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஒரு கணக்கு. ஐந்திலும் மிருகம் ஒன்றுகூட இல்லை.

ஓநாய்க்குப் பாட்டி முறையான 'ஷேக்' வெட்டு ஒரு ஹாலிவுட் படத்தோடு பிரபலமானது. 1971இல் 'க்ளூட்' படத்துக்காக ஜேன் ஃபோண்டாவுக்குப் பால் மெக்ரெகர் வெட்டிய தலை அது. தொண்ணூறுகளில் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் ஜெனிஃபர் ஆனிஸ்டனுக்கு கிறிஸ் மெக்மில்லன் வெட்டியது உலகம் முழுக்கப் பரவி, 'ரேச்சல்' என்று பெயரே வாங்கியது. ஆனிஸ்டனோ பின்னாளில் அந்தத் தலை தனக்குப் பிடிக்கவே இல்லை, வெட்டியவர் பக்கத்தில் இல்லாமல் அதைச் சமாளிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டார். லேயர்காரி பார்லர் நாற்காலியில் உட்காருமுன் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

பம்பாய்க்கும் சொந்த வரலாறு உண்டு. 1960இல் வந்த 'லவ் இன் சிம்லா'வில் சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க இயக்குநர் ஆர். கே. நய்யார், ஆட்ரி ஹெப்பர்ன் பாணியில் முன்முடியை வெட்டவைத்தார். படம் ஓடியது, நெற்றிமுடி அதைவிட வேகமாக ஓடியது. ஊர் ஊராகப் பெண்கள் 'சாதனா கட்' கேட்டு நின்றார்கள். இன்று லேயர்காரியைத் திட்டும் பாட்டியின் கல்லூரி போட்டோவை ஒரு தரம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இவளுடைய காலை ஆறரைக்குத் தொடங்கும். குனிந்து, தலையைக் கவிழ்த்து, ஈரமுடியில் மூஸ் என்ற நுரையைப் பிசைய வேண்டும். டிரையரின் வாயில் ஷவர் மாதிரி ஒரு கிண்ணத்தை மாட்டி, முடியை அதில் அள்ளி வைத்து, மெல்லிய சூட்டில் உலர்த்த வேண்டும். நிமிர்ந்து விரலால் கலைக்க வேண்டும், சீப்பு ஆகாது. கடைசியில் 'சீ சால்ட் ஸ்பிரே', கடற்கரைக் காற்றில் அலைந்த தோற்றம் கிடைக்க. மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில், பீரோ பூட்டெல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் வீட்டில், பாட்டிலில் அடைத்த உப்புத் தண்ணீரை விலை கொடுத்து வாங்கித் தலையில் தெளித்துக்கொள்கிறாள்.

ஜூன் வந்ததும் இந்த ஏற்பாடு முழுக்கச் சரியும். டிரையர் சூட்டில் கிடைக்கும் வடிவத்தைத் தாங்குவது முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டால் அவை விட்டுவிடும், மழை நேரடியாகப் பட வேண்டும் என்றுகூட இல்லை. வருஷத்துக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல், அதுவும் ஏறக்குறைய நாலே மாதத்தில் கொட்டும் நகரத்தில் காற்றே ஈரத்துணி. செம்பூர் ஸ்டேஷன் படியேறும்போது ஜேன் ஃபோண்டாவாக இருந்தவள், குர்லா தாண்டுவதற்குள் தேங்காய் நார்.

அதற்கு மேல் லேடீஸ் கம்பார்ட்மென்ட். கதவோரம் நின்றால் இவள் தலை இவளுடையதாக இருக்காது. கன்னத்து லேயர் பக்கத்துப் பெண்ணின் வாயில், தோள் லேயர் இன்னொருத்தியின் காதணியில். "தலையைக் கொஞ்சம் கட்டிக்கோ" என்று மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் வேண்டுகோள்கள் வரும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கம்பியில் கிளிப்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டு விற்கிறவர் ஏறுவார். நண்டுப் பிடி கிளட்சர் ஒன்றை வாங்கி அத்தனை அடுக்கையும் அள்ளிச் செருகியதும் அன்றைய அலங்காரம் முடிந்தது. மூஸிலிருந்து உப்புவரை எல்லாம் பிளாஸ்டிக் பல்லுக்குள்.

தாராவி 90 அடி ரோட்டில் விமர்சனம் திருநெல்வேலித் தமிழில் வரும். "ஏட்டி, வீட்டுல எண்ணெ இல்லியா? ஆச்சிட்ட கேட்டா தரமாட்டேனா?" எண்ணெய் வைத்தால் லேயர் படுத்துவிடும் என்பதை ஆச்சிக்கு எந்த மொழியிலும் விளக்க முடியாது. தெருமுனையில் இருக்கும் பழைய சுயமரியாதைக்காரத் தாத்தா ஒருவர்தான் இவள் கட்சி. பெண்களும் கிராப்பு வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னாரே என்பார். ஆனால் பெரியார் குறைப்பட்டது பெண்களின் பொழுது அலங்காரத்தில் போகிறதே என்று. முக்கால் மணி நேர டிரையர் கணக்கு தெரிந்தால் தாத்தாவும் கட்சி மாறிவிடுவார்.

உண்மையான சோதனை விசேஷ நாளில்தான். 1945இலிருந்து மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் நடக்கிறது. அங்கே பரதம் கற்கும் பெண்ணுக்கு மேடையேறும் நாளில் பின்னல் வேண்டும், நுனியில் குஞ்சலம் ஆட வேண்டும். லேயர் தலையைப் பின்னினால் மூன்று விரற்கடைக்கு ஒரு தரம் நுனிகள் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும், பாட்டில் கழுவும் பிரஷ் போல. தப்பிக்க ஒரே வழி சவுரி. வெட்டியெறிந்த நீளத்தைக் கடையில் மறுபடி வாங்குவது. திருமலையில் பக்தர்கள் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் போடுகிறது, அது விக்காகிக் கடல் கடக்கிறது. லேயர்காரியின் முடியோ பார்லர் தரையில் கூட்டி அள்ளப்பட்டது, புண்ணியமும் இல்லை, போணியும் இல்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் வளரும். அடுத்த தை மாதக் கல்யாணத்துக்கு இன்றே கணக்குப் போட வேண்டும்.

பூக்கடைக்கு வருவோம். பூக்காரர் அனுபவஸ்தர். முழத்தை இரண்டாக மடித்து, நார் நுனியைக் கிளட்சரின் பல்லில் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டிவிட்டார். "தலைய ஆட்டாதம்மா" என்றும் சொல்லி அனுப்பினார். கிங்ஸ் சர்க்கிள்வரை ஆட்டாமல்தான் நடந்தாள். அங்கே ஒரு பஸ் திரும்பிய காற்றில் பூ நழுவித் தோளுக்கு வந்தது, தோளிலிருந்து கைப்பைக்குள் போனது.

வீட்டில் பாட்டி பையைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பாதியைச் சாமி படத்துக்குச் சாத்தினாள். மீதியைத் தன் நெல்லிக்காய் அளவுக் கொண்டையில் செருகிக்கொண்டு, காபிக்குப் பால் வைக்கப் போனாள். சாயங்காலம்வரை அது அசையவில்லை. ஒரு ஹேர்பின்கூடக் குத்தியிருக்கவில்லை.