மயக்கமருந்தும் மாறும் வேளையும்

கேள்வி: சத்திரசிகிச்சை வார்ட்டில் தாதியாக இருக்கும் நான், அமெரிக்கா சென்று மயக்கமருந்துத் தாதியாக விரும்புகிறேன். எப்போது பிரிவு மாறலாம்?
— ஒரு சகோதரி, ரிவர்ஸ்டன்

பதில்: மயக்கமருந்து கொடுப்பது நம் நாட்டில் வைத்தியர்களின் பொறுப்பாகவே இருப்பதால், கடல் கடக்கும் தங்கள் சங்கற்பம் நியாயமானதே, சகோதரி. அங்கே தாதியாக உரிமம் பெற்று, அந்நாட்டிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 1 வருஷம் சேவை செய்து, பிறகு 3 வருஷம் பயின்று கலாநிதிப் பட்டமும் பெறவேண்டியிருக்கையில், பிட்டவல பத்தனைப் புல்வெளியில் பனி விலகக் காத்திருப்பதுபோல் காத்திராமல், இங்குள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றத்தை இன்றே கேளுங்கள். இங்கே பெறும் அனுபவம் அந்நாட்டவர் கணக்கில் சேராவிட்டாலும் தங்கள் கையில் சேரும். சுவாசக் கருவி அலறியதும், கருவியைப் பாராமல் நோயாளியின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று கண் தானாகவே பார்க்கும் பக்குவம் வந்துவிட்டதா? தாமதியாமல் பிரயாணத்துக்கு ஆயத்தமாகுங்கள்.