கியூ.சி. அண்ணன்

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் செக்கிங் டேபிள் பக்கம் ஒரு கியூ.சி. அண்ணன் நிற்பார். கழுத்தில் இன்ச் டேப், கையில் போன். ஊசி ஓட்டை, கடுகளவு எண்ணெய்க் கறை, அரை சென்டிமீட்டர் கூடுதல் காலர், எதுவும் அவரிடம் தப்பாது. அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

போனில் வரும் செய்திக்கு மட்டும் செக்கிங் கிடையாது. வந்த வேகத்தில் பாஸ். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் விடிகாலையிலேயே டெலிவரி ஆகிவிடும். சோற்றை உருட்டி எறிந்தால் பந்தாக எகிறும் 'பிளாஸ்டிக் அரிசி' வீடியோவை வருசத்துக்கு ஒருமுறை புதுச் சரக்காக இறக்குவார். மாவுச்சத்து உள்ள எந்தச் சோறும் இறுக்கி உருட்டினால் எகிறும் என்று சொன்னால் கேட்கமாட்டார். பேக்கிங்குக்குப் பாலி பேக் வாங்குகிறவர். பிளாஸ்டிக் விலை அத்துப்படி. அதை அரிசியில் கலந்தால் கலப்படக்காரனுக்கே கையைக் கடிக்கும் என்ற கணக்கு மட்டும் ஓடாது.

சில சமயம் நல்ல செய்தியும் அவர் வழியாக வரும். 'செய்தித்தாளில் வைத்துப் பலகாரம் சாப்பிடாதீர், அச்சு மை வயிற்றுக்குள் போகும்' என்பது உண்மை. டீ டைமில், பஜ்ஜியைப் பேப்பரில் வைத்து எண்ணெயைப் பிழிந்தபடி, ஒற்றை விரலால்தான் அதை அனுப்பினார்.

2024 பிப்ரவரியில் வந்தது வினை. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி இருப்பது பரிசோதனையில் தெரிந்து, தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. துணிக்கும் தோலுக்கும் போடுகிற சாயம் அது. "சாயத்தைப் பத்தித் திருப்பூர்க்காரனுக்குத் தெரியாதுங்களா? நான் அப்பவே போட்டனே!" என்று அண்ணன் நிமிர்ந்தார். அந்த ஒன்று பலித்ததில் அவர் அனுப்பும் 'பிளாஸ்டிக் முட்டை' வீடியோவுக்கும் மவுசு கூடிவிட்டது.

செக்கிங் அக்கா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்ணா, பாக்கெட்டுல 14 இலக்க உரிம நெம்பர் இருக்குதான்னு பாருங்க. சந்தேகம்னா உணவுப் பாதுகாப்புத் துறைக்கே, 94440 42322ன்னு வாட்ஸ்அப் நெம்பர் இருக்குது, போட்டோ எடுத்துப் புகார் அனுப்பலாம்."

அண்ணன் நெம்பரைப் பதறிப்போய்க் குறித்துக்கொண்டார். "இத்தன நாளா சொல்லவே இல்லீங்களே! அவிங்களையும் நம்ம குரூப்ல சேர்த்துவிட்டர்றேன். பாவம், விவரம் தெரிஞ்சுக்கட்டும்!"