சுத்தியலைக் கீழே வையுங்கள்

கேள்வி: என் மாருதி 800-இன் இன்ஜினை நானே இறக்கி, வேலை முடித்து ஏற்றிவிட்டேன். கழற்றிய ஸ்டியரிங் ஷாப்ட் மட்டும் உட்கார மறுக்கிறது. தட்டி ஏற்றலாமா?
– ஒரு வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: இன்ஜினையே ஏற்றிய கைக்கு ஒரு பூங்கொத்து. ஆனால் சுத்தியல் வேண்டாம். முரண்டு பிடிக்கும் மாப்பிள்ளையை அடித்தா மணையில் உட்கார வைப்பார்கள்?

முன்சக்கரங்களை நேராக்குங்கள். கழற்றும்போது பெயின்ட் அடையாளம் வைத்திருந்தால் அதையே பொருத்துங்கள். வைக்கவில்லையா? ஸ்டியரிங் பாக்ஸை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி, சுற்றை எண்ணிப் பாதியில் நிறுத்துங்கள், அதுதான் நடு. பற்களைத் துடைத்து, கவ்வுகிற வாயைச் சற்றே விரித்தால் ஷாப்ட் தானாக இறங்கும்.

இனிதான் உயிர் விஷயம். ஷாப்ட் முனையில் ஒரு பள்ளம் இருக்கும். குறுக்கே போகும் போல்ட் அதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். அப்போதுதான், நாளைக்கு நட்டு தளர்ந்தாலும் ஷாப்ட் கழன்று வராது. போல்ட் கையாலேயே போகவில்லை என்றால் ஷாப்ட் முழுதாக இறங்கவில்லை என்று பொருள். பழைய போல்ட் வேண்டாம், புதிது போடுங்கள். முறுக்கு அளவைச் சர்வீஸ் புத்தகம் சொல்லும்.

(ஏர்பேக் உள்ள வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு: ஷாப்ட் கழன்றிருக்கும்போது ஸ்டியரிங்கைச் சுழற்றினால் உள்ளே சுருளாக இருக்கும் ஒயர் அறுந்துவிடும். கட்டி வையுங்கள்.)

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, ஒரு மெக்கானிக்கிடம் அந்த போல்ட்டைக் காட்டுங்கள். மஞ்சவாடி கணவாய் வளைவுகளுக்கு அப்புறம் போகலாம்.