நின்றுபோன மிக்ஸியின் அகமும் புறமும்: ஓர் ஆய்வுக் கட்டுரை

1. முன்னுரை

தமிழ்ச் சமையலறையில் நேரும் துயரங்களுள் தலையாயது, காலை ஏழேகால் மணிக்கு மிக்ஸி நின்றுபோவது. தேங்காய் பாதி அரைபட்டிருக்கும். பொட்டுக்கடலை முழுசாகவே கிடக்கும். பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அறிஞர் பெருமக்கள் சட்னியை உண்பதோடு நின்றுவிட்டனர். அது அரைபட்ட விதத்தையும், அரைபடாமல் போன காரணத்தையும் ஆராய முன்வரவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்று நோக்கில், நம் நாட்டு மிக்ஸி பிறந்ததே ஒரு பழுதினால்தான். பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் இருந்த ஜெர்மானிய பிரான் கம்பெனி மிக்ஸி ஒருநாள் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய இங்கே வழியில்லை. நீங்களே ஒன்று செய்துதரக் கூடாதா என்று மனைவி மாதுரி கேட்க, 1963இல் தொடங்கிய அம்முயற்சியே 'சுமீத்' மிக்ஸியாக வளர்ந்தது. ஆகவே, ரிப்பேரா, புதுசா என்னும் வினாவுக்கு மூன்றாவதாக ஒரு விடையும் உண்டு: சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்குவது. இஃது எல்லாக் குடும்பத்துக்கும் கைவராது என்பதால், ஆய்வு முதலிரண்டு விடைகளோடு நிற்கிறது.

2. ஆய்வு எல்லை

1955இல் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கியதும், பின்னாளில் புவிசார் குறியீடு பெற்றதுமான வெட் கிரைண்டர், தனி நூலாகவே எழுதத் தக்க பெருமை உடையது. ஆதலால் இங்கே சேர்க்கப்படவில்லை. குக்கர், ஆய்வாளரின் உயிர்ப் பாதுகாப்பை முன்னிட்டு விலக்கப்பட்டது.

3. பழுதின் திணைப் பகுப்பு

மிக்ஸியின் பழுதுகள் புறப்பழுது, அகப்பழுது என இருவகைப்படும்.

புறப்பழுது ஜாரைச் சார்ந்தது. மோட்டார் ஓடும், பிளேடு சுற்றாது. அங்கே கப்ளர் உடைந்திருக்கிறது என்று கொள்க. ஜாரின் அடியிலிருந்து கருப்பாக நீர் கசிந்தால் புஷ் தேய்ந்தது, வாஷர் போயிற்று என்று கொள்க. எவ்வளவு நேரம் ஓடினாலும் மிளகாய் விதை விதையாகவே மிஞ்சினால், பிளேடு மழுங்கியது. மூன்று ஜார்களுள் சட்னி ஜாரே முதலில் வீழும். அன்றாடப் போர் முழுவதும் அதன் தலையில்தான் நடக்கிறது. ஜூஸ் ஜாரோ விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியை விட்டு இறங்குவதால், வாங்கிய நாள்போலவே மினுமினுக்கும்.

அகப்பழுது மோட்டாரைச் சார்ந்தது. கார்பன் தேய்வது, காயில் கருகுவது, ஆர்மேச்சர் போவது ஆகியன இதன் துறைகள். அகத்திணைப் பாடல்களில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்பது மரபு. அதுபோல, அகப்பழுதிலும் மிக்ஸியைக் கெடுத்தவர் பெயர் ஒருபோதும் சுட்டப்படுவதில்லை. "விரலி மஞ்சளைப் போட்டு அரைச்சது யாரு?" என்ற வினா எழும், வீடு மௌனம் காக்கும்.

4. நோயறி முறைகள்

முதலாவது, முகர்தல். புதிய மிக்ஸியை முதல் சில முறை ஓட்டும்போது கருகல் வாசம் வரும். காயில் கம்பிமேல் பூசிய வார்னிஷ் சூடேறுவதால் வருவது அது, அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டுகள் பல ஆன மிக்ஸியில் அதே வாசம் புகையோடு வந்தால், அஞ்சலாம்.

இரண்டாவது, செவிமடுத்தல். "உம்ம்" என்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் ஜாரில் ஏதோ இறுகிக் கிடக்கிறது. உடனே நிறுத்திவிட வேண்டும். முனகலே இல்லையென்றால், மிக்ஸியைப் பழிக்கும் முன் அதே பிளக்பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பார்க்க. சில மாடல்களில் ஜார் சரியாக உட்காராவிட்டாலும் மோட்டார் ஓடாது.

மூன்றாவது, தட்டல். இது வீட்டுத் தலைவருக்கே உரிய துறை. இதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவாரும் உளர். அவர் கூற்று பொருந்தாது. தேய்ந்த கார்பன் தன் கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும்போது, ஒரு தட்டு அதை ஆர்மேச்சரோடு மீண்டும் தொடவைக்கும், மோட்டார் ஓடும். எனவே தட்டல் அறிவியலே. ஆனால் அதன் பயன் மறுநாள் காலைவரை செல்லுமா என்பதற்கு உறுதியில்லை. தட்டியவர் பெறும் பெருமிதம் மட்டும் வாரக்கணக்கில் நிற்கும்.

நான்காவது, ரிப்பேர் கடைக்காரரின் குறுக்கு விசாரணை.

"இட்லி மாவு ஆட்டுனீங்களாம்மா?"

"இல்லவே இல்ல தம்பி. சட்னி மட்டும்தான் அரைப்போம்."

அவர் மிக்ஸியைத் திருப்பி, கப்ளருக்கு அடியில் காய்ந்து கெட்டிப்பட்ட உளுந்து மாவை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிக் காட்டுவார். இதற்குப் பின் உரையாடல் நிகழ்வதில்லை. கூலி எவ்வளவு என்ற பேச்சு மட்டுமே.

5. சிவப்புப் பொத்தான் என்னும் மெய்ப்பொருள்

பல மிக்ஸிகளின் அடிப்பகுதியில் சிறியதொரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஓவர்லோடு சுவிட்ச் என்பது அதன் பெயர். சுமை மிகுந்து மோட்டார் கொதித்தால், காயில் கருகும் முன் இது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சில நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் மிக்ஸி உயிர்பெறும். வீட்டு மிக்ஸி இடைவிடாது ஓடுவதற்கென்று செய்யப்பட்டதன்று. ஐந்து நிமிடம் ஓடினால் இரண்டு நிமிடம் ஓய்வு என்பது பல மிக்ஸிகளோடு வரும் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. அக்குறிப்பேடு பிரிக்கப்படாத பிளாஸ்டிக் உறைக்குள், கியாஸ் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது.

செத்தது என்று பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோகும் மிக்ஸி, வழியிலேயே ஆறிவிடும். கடைக்காரர் பொத்தானை அழுத்துவார், அது ஓடும். அவர் பெறும் கூலி விரல் அசைவுக்கு உரியதென்று சிலர் குமுறுவர். எங்கே அழுத்துவது என்ற அறிவுக்கு உரியது அது என்பதே ஆய்வாளர் துணிபு.

6. ரிப்பேரா, புதுசா?

சரிசெய்யும் செலவு புதுப்பொருள் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதாக வாங்குக என்பது பரவலாக வழங்கும் விதி. இவ்விதி தமிழ் வீட்டுக்குள் நுழைகையில் பின்வரும் திருத்தங்களை ஏற்கிறது:

அ) சீர்வரிசையாக வந்த மிக்ஸிக்குப் பாதிவிலை விதி செல்லாது. "எங்கப்பா வாங்கிக் குடுத்தது" என்னும் வாக்கியத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

ஆ) 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் விலையில்லா மிக்ஸி பெற்ற வீடுகளில், முதல் மிக்ஸி படுத்ததும் பரணிலிருந்து 'கவர்மென்ட் மிக்ஸி' இறக்கப்படும். இவ்விரண்டில் ஒன்றின் ஜார் மற்றொன்றில் உட்காராது என்பது அன்றுதான் தெரியவரும்.

இ) மிக்ஸி இறந்தாலும் அதன் ஜார்கள் இறப்பதில்லை. அவை புளி போட்டுவைக்கவும் தண்ணீர் மொள்ளவும் பயன்பட்டு நெடுங்காலம் வாழும்.

ஈ) எக்ஸ்சேஞ்ச் மேளா அறிவிக்கப்பட்ட வாரத்தில் எல்லா மிக்ஸியும் பழுதுள்ளவையே.

2022இல் நம் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கெனச் சட்ட நெறியே இயற்றியது. நம் தெருமுனைக் கடைக்காரரோ இவ்வுரிமையை அதற்கு வெகுகாலம் முன்பே கையில் எடுத்துக்கொண்டவர். எந்தக் கம்பெனி மோட்டாருக்கும் வேறெந்தக் கம்பெனி கார்பனையும் அரத்தால் தேய்த்துப் பொருத்திவிடுவார். அவரிடமிருந்தே "இதுக்கு ஸ்பேர் வராதுங்க" என்ற சொல் வருமாயின், அதுவே இறுதித் தீர்ப்பு.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: புறப்பழுது எதுவாயினும் ரிப்பேர் செய்க, கப்ளர், புஷ், வாஷர் ஆகியவற்றுக்காக மிக்ஸியையே மாற்றுவது வீண்செலவு. கார்பன் தேய்ந்தாலும் மாற்றிப் போடுக. காயில் முதன்முறை கருகினால், அதை மீண்டும் கட்டும் கூலியையும் புது மிக்ஸி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுக்க. இரண்டாம் முறையும் கருகினால் புதிதாக வாங்குக. சீர்வரிசை மிக்ஸியாயின் மனைவியின் எழுத்துமூல ஒப்புதல் பெற்று வாங்குக.

இவை அனைத்துக்கும் முன்பாக, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜாரை எடுத்துவிட்டு, மிக்ஸியைக் கவிழ்த்து அந்தச் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.