மந்திரத்தை எடை போடுவது எப்படி: இடப்பள்ளி விசார்டுகளுக்கு ஒரு கையேடு

வாழ்த்துகள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட வந்து விசார்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வாரம் முழுக்க காக்கநாடு இன்ஃபோபார்க்கில் எக்செல்லோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இடப்பள்ளியில் நண்பர் ஃபிளாட்டில் உட்கார்ந்து மறுபடி எக்செல்லைத் திறக்கிறீர்கள். எந்த மந்திரம் அதிகம் அடிக்கும்? இதைத் தெரிந்துகொள்ள ஆடிப் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? நீங்கள் இதுவரை அரைகுறையாகச் செய்துவந்ததை இனி முழுசாகச் செய்யுங்கள்.

1. பகடைக்கு எத்தனை முகம் என்று மட்டும் பாருங்கள்.

பாய்ஸன் ஸ்ப்ரேக்குப் பன்னிரண்டு முகப் பகடை. ஃபயர் போல்ட்டுக்குப் பத்து முகம். பன்னிரண்டு பெரிது, கணக்கு முடிந்தது. 2014 விதிப்புத்தகப்படி முதலாவது 10 அடிக்கு மேல் போகாது, இரண்டாவது 120 அடி பாயும் என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுப்பார். எலும்புக்கூட்டுக்கும் ஸோம்பிக்கும் விஷம் ஏறாது என்றும் சொல்வார். செத்தவனுக்கு விஷம் வைப்பதில் தவறில்லை என்று சொல்லி அடுத்த வரிசைக்குப் போங்கள்.

2. உங்கள் மந்திரத்துக்கு உச்சம், அடுத்தவர் மந்திரத்துக்கு நீசம்.

ஃபயர்பாலுக்கு எட்டு ஆறுமுகப் பகடை, லைட்னிங் போல்ட்டுக்கும் அதே எட்டு. சராசரி இரண்டுக்கும் 28. இந்த உண்மையால் யாருக்கும் லாபமில்லை. எனவே உங்கள் ஃபயர்பாலுக்கு 48 என்றும், எதிரே இருப்பவரின் லைட்னிங் போல்ட்டுக்கு 8 என்றும் எழுதுங்கள். ஆறு மடங்கு வித்தியாசம்! எட்டுப் பகடையிலும் ஆறு விழ 16,79,616-இல் ஒரு வாய்ப்புதான். இருந்தால் என்ன? 1967 முதல் அரசே லாட்டரி நடத்தும் மாநிலத்தில் இருந்துகொண்டு இதைக்கூட நம்பாவிட்டால் எப்படி?

3. எதிரி தப்பிக்கவே மாட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸின்டக்ரேட்: பத்து ஆறுமுகப் பகடை, கூடவே 40, சராசரி 75. தப்பிக்க உருட்டும் சேவிங் த்ரோவில் எதிரி ஜெயித்துவிட்டால் பாதிகூட இல்லை, சுத்தமாகப் பூஜ்யம். பதினோராம் லெவல் விசார்டின் டி.சி., அதாவது எதிரி எட்டவேண்டிய எண், 17; வளர்ந்த சிவப்பு டிராகன் பாதி நேரம் அதைத் தாண்டிவிடும். தாண்டாதபோதும், ஒரு நாளைக்கு மூன்று முறை "நான் தாண்டிவிட்டேன்" என்று சும்மா அறிவிக்கும் உரிமை அதற்கு உண்டு. இதெல்லாம் டிராகனின் சொந்தப் பிரச்சினை. 75 என்றே எழுதுங்கள்.

4. கூட்டம் சேருங்கள்.

ஃபயர்பால் விழுந்த இடத்தைச் சுற்றி 20 அடிக்கு எல்லாம் எரியும். அந்த வட்டத்துக்குள் எட்டு கோப்ளின்கள், லுலு மாலில் பாதி விலைக்கு விற்கும் ராத்திரி மாதிரி நெருக்கியடித்து நிற்பதாக வையுங்கள். எட்டு இருபத்தெட்டு 224. ஒரு கோப்ளினுக்கு இருப்பதே 7 ஹெச்.பி. (உயிர்ப்புள்ளி) என்பதால் உண்மையில் போவது 56தான். மிச்சம் 168 சாம்பல்மேல் விழுந்தது. அதையும் விடாதீர்கள். வட்டத்துக்குள் உங்கள் கட்சி ஃபைட்டரும் நின்றிருப்பார். அவர்மேல் விழுந்த 28-ஐயும் சேர்த்தால் 252. டேமேஜ் என்றால் டேமேஜ்தான், யார்மேல் விழுந்தால் என்ன?

ஒரு விஷயம் மட்டும் வெளியே தெரியவேண்டாம். புதிதாக மந்திரம் எழுதுபவர்களுக்காக 2014-இன் டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் ஓர் அளவுப் பட்டியல் இருக்கிறது. பலரைத் தாக்கும் மூன்றாம் நிலை மந்திரத்துக்கு அதில் ஆறு பகடை. எட்டுப் பகடை ஐந்தாம் நிலைக்குத்தான். மூன்றாம் நிலையிலேயே எட்டை வாங்கிக்கொண்டு நிற்கிறது ஃபயர்பால். புத்தகமே செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை அது. உங்கள் நுணுக்கமான ஆராய்ச்சியில்தான் ஜெயித்தது என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

5. கான்சென்ட்ரேஷன் என்ற சொல்லைத் தாண்டிப் படியுங்கள்.

ஃபிளேமிங் ஸ்ஃபியர் 7, வால் ஆஃப் ஃபயர் 22.5, கிளவுட்கில் 22.5. கூட்டினால் 52. ஒரு நிமிடத்துக்குப் பத்துச் சுற்று, ஆக 520. மூன்றுமே கான்சென்ட்ரேஷன் மந்திரங்கள், ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும், இரண்டாவதைப் போட்டால் முதலாவது கலைந்துவிடும் என்பார்கள். வால்மீகி இதை எப்போதோ எழுதிவிட்டார். இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரத்தில் கட்டுண்டு கிடந்த அனுமனை அரக்கர்கள் புத்திசாலித்தனமாகக் கயிற்றாலும் கட்ட, இன்னொரு கட்டோடு சேர்ந்திருக்காத அஸ்திரம் விலகிக்கொண்டது. இந்திரஜித் கவலைப்பட்டான். நீங்கள் கவலைப்படாதீர்கள். எதிரியும் பத்துச் சுற்றும் நெருப்புக்குள் அசையாமல் நின்று ஒத்துழைப்பான்.

6. அடிக்காத மந்திரத்துக்குப் பூஜ்யம் போடுங்கள்.

ஹிப்னாடிக் பேட்டர்ன் பாதிக் கூட்டத்தை வாய்பிளந்து நிற்கவைக்கும். டேமேஜ் பூஜ்யம், நீக்குங்கள். ஹோல்ட் பர்ஸன் எதிரியைச் சிலையாக்கும், பக்கத்தில் நின்று அடிக்கும் அடியெல்லாம் கிரிட்டிகல் ஆகும். அந்த அடி ஃபைட்டருடையது, உங்கள் வரிசையில் பூஜ்யம்தான். இதைப் போட்டுச் சண்டையை ஜெயிக்கவைக்கும் சேச்சி ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவருக்குக் கணக்கு வராது என்று பரிதாபப்படுங்கள்.

7. எந்த வருடத்துப் புத்தகம் என்று சொல்லாதீர்கள்.

இன்ஃப்ளிக்ட் வூண்ட்ஸ் 2014-இல் மூன்று பத்துமுகப் பகடை, ஆனால் குறி தவறினால் ஒன்றுமில்லை. 2024-இல் இரண்டு பகடை, எதிரி தப்பினாலும் பாதி உண்டு. பகடையைப் பழையதிலிருந்தும் பாதியைப் புதியதிலிருந்தும் எடுங்கள். யாராவது மடக்கினால் 1978 புத்தகத்தை இழுங்கள். அதில் ஃபயர்பால் ஏறத்தாழ 33,000 கன அடி இடத்தை நிரப்பும். அறை சிறிதானால் நெருப்பு நடைபாதை வழியே உங்களைத் தேடி வரும். பின்பாதியைப் படிக்கவேண்டாம்.

8. எந்த மந்திரம் பெரிது என்ற விவாதத்தை அடுத்தவர் முறையின்போது ஆரம்பியுங்கள்.

ஆட்டத்தை நடத்தும் டி.எம். சேட்டன் "மோனே, பகடை உருட்டு" என்பார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்புங்கள். கட்டன் சாயா ஆறட்டும். டோல் ஜங்ஷன் நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்தவருக்காக முதல் வரிசையிலிருந்து மறுபடி விளக்குங்கள். கோப்ளின்கள் காத்திருக்கும்.

9. எதிரி யார் என்று கேட்கவே கேட்காதீர்கள்.

ஆக்னேயாஸ்திரத்துக்கு வாருணாஸ்திரம், நாகாஸ்திரத்துக்குக் கருடன் என்று கதை கேட்டு வளர்ந்தவர்தான் நீங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் இராமாயண ஓவியங்களைப் பார்க்கப் போனபோது அதையே நண்பருக்கும் விளக்கியிருப்பீர்கள். மேசைக்கு வந்ததும் மறந்துவிடுங்கள். எக்செல்லில் எதிரிக்குத் தனி நெடுவரிசை கிடையாது.

பட்டியல் தயார். ஃபயர்பால் முதலிடம். அடுத்த அறையில் 256 ஹெச்.பி.யோடு சிவப்பு டிராகன் படுத்திருக்கிறது. நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. கதவைத் திறக்குமுன் புதிய கேரக்டர் ஷீட் ஒன்று அச்செடுத்துக்கொள்ளுங்கள்; ஃபைட்டருக்கும் சேர்த்து இரண்டாகவே எடுங்கள்.