நடிப்பென்றால் தடையில்லை

ஒருபாலின ஈர்ப்பை இந்தி சினிமா மதிக்கவில்லை என்பவர்கள் நன்றி கெட்டவர்கள். 2003இல் வந்த 'கல் ஹோ நா ஹோ'வை மறந்துவிட்டார்களா? ஷாருக் கானும் சைஃப் அலி கானும் ஒட்டி நின்றாலே வீட்டு வேலை பார்க்கும் காந்தாபென் வெலவெலத்துப் போவார். தியேட்டரே சிரித்தது. விழிப்புணர்வு என்றால் இதுவல்லவா!

2008இல் 'தோஸ்தானா' இன்னும் ஒரு படி மேலே போனது. மயாமியில் வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டுமா? அபிஷேக் பச்சனும் ஜான் ஆபிரகாமும் காதலர்கள் என்று சொன்னார்கள். சாவி கைக்கு வந்தது. பேச்சிலருக்கு வீடில்லை என்று போர்டு மாட்டும் ஓனர்கள் கவனிக்க. பிறகு இருவரும் ஒரே பெண்ணைச் சுற்றி வந்ததால் பண்பாட்டுக்கும் பங்கமில்லை.

இந்த ஒழுங்கைக் கெடுத்தது 2016இல் வந்த 'அலிகர்'. அதன் நாயகன் வீட்டுக்காக நடிக்கவில்லை; நிஜமாகவே அப்படித்தான். மராத்திப் பேராசிரியர். ராத்திரியில் தனியாக உட்கார்ந்து, கையில் விஸ்கியோடு லதா மங்கேஷ்கரைக் கேட்டு உருகுகிறார். தணிக்கை வாரியம் சும்மா இருக்குமா? டிரெய்லருக்கே 'ஏ' சான்றிதழ்!

நல்ல காரியம். பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போய், பழைய பாட்டு கேட்க ஆரம்பித்துவிட்டால் யார் பொறுப்பு?