அடைப்பு நீங்கியும் ஐ.சி.யூ. ஏன்?

கேள்வி: மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் பாய்ந்துவிட்டது. இன்னும் ஏன் ஐ.சி.யூ.?

பதில்: பல நாள் பட்டினி கிடந்தவருக்கு உடனே தலைவாழை விருந்து வைத்தால் உடம்பு தாங்குமா? ரத்தம் திரும்பிய வேகத்தில் இதயச் செல்களுக்குள் கால்சியம் குவியும்; காப்பாற்ற வந்த ஆக்சிஜனே நச்சு மூலக்கூறுகளாகித் தாக்கும். மானிட்டரில் கோடு தாறுமாறாகத் துள்ளும்; பெரும்பாலும் தானே அடங்கிவிடும்; அடங்காவிட்டால் உடனே கவனிக்கத்தான் ஐ.சி.யூ. மரத்துப்போன இதயத் தசை மீள நாள்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். மீண்டுவிடும், கவலை வேண்டாம். ஆனால், நுண்குழாய்களில் ரத்தம் ஏறாவிட்டால் பின்னாளில் இதயம் பலவீனமாகும் அபாயம் அதிகம்.

ரத்தம் திரும்பும்போது மூளை இன்னும் பொல்லாதது. 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு ஆபத்தான மூளை ரத்தக்கசிவு. ஆனாலும் மூன்று மாதம் கழித்து முடக்கமின்றியோ மிகக் குறைந்த முடக்கத்துடனோ இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில்தான் அதிகம்!